இரண்டு ஜொவாக்கினோ போஸ்கோலோ

1974 நவம்பர் 10, ஞாயிறு. காலை 7.40.

எலீதே கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை. பெரியப்பா நாற்காலியிலிருந்து சரிந்து, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். தொட்டாள். கை குளிர்ந்து விறைத்திருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் காவல் நிலையத் தலைவர் ரொசாரியோ ஸப்பலா அந்தச் சமையலறையில் நின்றிருந்தார். சிசிலிக்காரர், வடக்கே இந்த மீனவ ஊரான கியோஜாவுக்கு வந்து ஏழு மாதம். எல்லோரும் அவரைப் பதவிப்பெயரால் மாரெஷாலோ என்றே அழைத்தார்கள்.

அவர் மேசையைத் தொடாமல் பார்த்தார். பாதி குடித்த மதுக் கோப்பை. அதற்கடியில் ஈரம் படாமலிருக்க ஒரு மின்கட்டண உறை. அதன் மூலையில் நீலப் பென்சிலில் 'பாபூசே' என்ற கிறுக்கல். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சீமைமாதுளைப் பாகில் வார்த்த குதிரைவீரன். மறுநாள் குதிரைவீரரான புனித மார்த்தினாரின் திருநாள். அந்த வாரம் எல்லார் வீட்டிலும் இந்த மிட்டாய் இருக்கும். இந்த வீரனுக்குத் தலை இல்லை. குதிரைக்கு முன்கால்கள் இல்லை. கிழவர் அவ்வளவுதான் தின்றிருந்தார்.

பிரித்துப் போட்ட பழுப்புத் தாள் தரையில் கிடந்தது. பாதுவா நகர முத்திரை. தட்டச்சு செய்த முகவரி: போஸ்கோலோ ஜொவாக்கினோ, ஓலிவோ சந்து, கியோஜா.

மருத்துவர் மிட்டாயை முகர்ந்துவிட்டு, "எலி மருந்து மாதிரி தெரியுது. சோதனைக்கு அனுப்பறேன்," என்றார்.

ஸப்பலா எலீதேயிடம் கேட்டார். "ஜொவாக்கினோ போஸ்கோலோவைக் கொல்லணும்னு யாருக்குத் தோணும்?"

அழுது சிவந்த கண்ணோடு அவள் நிமிர்ந்தாள். "எந்த ஜொவாக்கினோ?"

"எந்த ஜொவாக்கினோன்னா?"

"இந்தச் சந்துல ரெண்டு பேர் இருக்காங்க, மாரெஷாலோ. எங்க பெரியப்பா பாபூசே. கோடியில இருக்கிறவன் மஸ்தேலா. அவனைக் கொல்லணும்னா மீன் சந்தையில அவன்கிட்ட ஏமாந்தவங்க வரிசைல நிப்பாங்க. எங்க பெரியப்பாவை எதுக்கு?"

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. கியோஜாவில் ஐந்தாறு பேரில் ஒருவர் போஸ்கோலோ. மீதிப் பேரில் பலர் தியோஸோ. போஸ்கோ என்றால் காடு. நாலு பக்கமும் உப்புத்தண்ணீர் நிற்கிற காயல் ஊருக்குக் காட்டின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விறகுக்காரன் ஒருவன் படகில் வந்து பெண்ணெடுத்தான் என்பது என் வீட்டுக் கதை. எப்படி வந்ததோ, வந்து பெருகிவிட்டது. ஒரே பெயரில் பத்துப் பேர், இருபது பேர். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர். அது கேலிப்பெயராகப் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் வரை ஏறிவிட்டது. பாபூசே என்றால் வீட்டுச் செருப்பு; பாட்டன் ஒருவன் அதை மாட்டிக்கொண்டே கடலுக்குப் போனவன். மஸ்தேலா என்றால் மீன்தொட்டி. அந்தப் பாட்டன் அதற்குள் விழுந்தவன். இவ்வளவு பேரையும் குழப்பாமல் ஊர் நடக்கிறதே, அதற்காக எங்களை மெச்சிக்கொள்வதில் எங்களுக்குக் கூச்சம் கிடையாது.

"பார்சல் எப்ப வந்துச்சு?"

"நேத்து காலைல பத்து மணிக்கு நான் சந்தைக்குப் போறப்ப இல்ல. பதினொன்னரைக்கு எட்டிப் பாத்தேன், மேசை மேல இருந்துச்சு. யாரு அனுப்புனதுன்னு தெரியல, திருநாளுக்கு முன்னாடியே தின்னுடுவேன்னு சிரிச்சாரு."

"வேற ஏதாவது சொன்னாரா? சமீபத்துல?"

எலீதே யோசித்தாள். "போன வாரம் ஒருநாள் முகம் சரியில்ல. என்னன்னு கேட்டேன். ஒருத்தனுக்கு மார்த்தினார் திருநாள் வரைக்கும் தவணை குடுத்திருக்கேன், அவனே வாயைத் திறக்கட்டும், இல்லன்னா நான் திறப்பேன்னாரு. யாருன்னு சொல்லல. திருந்த இடம் விடணும்டின்னாரு."

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஃபவுஸ்தோ கிஸ்லோட்டி இறங்கி வந்தார். பெர்கமோ பக்கத்துக்காரர், எட்டு வருடமாக இங்கே சிப்பி சுத்திகரிக்கும் கிடங்கு வைத்திருந்தார். மரியாதையான மனிதர். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு பேசினார்.

"நேத்து காலைல மணி பத்து இருபது இருக்கும், மாரெஷாலோ. ஜன்னல்ல நின்னேன். தபால்காரம்மா நோர்மா இந்தப் பார்சலை வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. மூடுபனி. பாவம், அவங்களுக்கும் கதவு தெரிஞ்சிருக்காது."

ஸப்பலா குறிப்பேட்டை மூடினார். நஞ்சு மஸ்தேலாவுக்கு வந்தது. தபால்காரி தப்பான கதவில் வைத்தாள். நல்லவர் செத்தார். காலை பத்து மணிக்குள் சந்து முழுக்க அதையே சொன்னது.

ஞாயிறு, பகல் 12.30.

நோர்மா தியோஸோவுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாகத் தபால் பை தூக்குகிறாள். மூன்று மரியா போஸ்கோலோ இருக்கிற மாடிப்படியில் மூன்று கடிதத்தையும் மூன்று சரியான கைகளில் கொடுப்பவள். அஞ்சல் நிலையத் தலைவர் அவள் வீட்டுக்கே வந்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்க முடியவில்லை என்பதுதான் சரி. சனிக்கிழமை நானூறு உருப்படி. மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. அப்படி ஒரு பொட்டலத்தை எடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்யவும் நாக்கு வரவில்லை. அவள் சமைக்கவில்லை. பாபூசே அவளைப் பார்த்தால் எப்போதும் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, "நல்ல சேதி இருந்தா உள்ள வா, பில்லுன்னா எதிர்வீட்ல குடு," என்பார். அந்தக் குரல் காதில் நின்றது.

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மஸ்தேலா. கூடை நிறையக் கணவாய் மீன். அவன் யாருக்கும் எதுவும் கொடுத்து ஊர் பார்த்ததில்லை.

"வாங்கிக்க நோர்மா."

"எதுக்கு?"

"உன் தப்பாலதான் நான் மூச்சு விட்டுட்டிருக்கேன். என் பேர்ல வந்த சாவை நீ அங்க வெச்ச." அவன் கூடையை வாசற்படியில் வைத்தான். "யாரு அனுப்பிச்சாங்கன்னு காலைலேர்ந்து எண்ணிப் பாக்கறேன். முப்பத்தோரு பேரு வராங்க. சந்தையில என் கண்ணைப் பாக்கறவன் ஒருத்தன் இல்ல."

நோர்மா கூடையை அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. நான் பண்ணினேனா இல்லையான்னு எனக்கே தெரியாதப்ப நீ எனக்கு நன்றி சொல்லாத."

திங்கள், காலை 9.15.

ஸப்பலா பழுப்புத் தாளை ஒரு தட்டையான பெட்டியில் வைத்து நோர்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அடையாளம் காட்டிட்டீங்கன்னா போதும்மா. உங்களைக் குத்தம் சொல்ல வரல. இந்த ஊர்ல தப்பு நடக்காம இருக்கிறதுதான் அதிசயம். எனக்கு வந்த புகார்ல பாதி இன்னும் எந்த போஸ்கோலோன்னே தெரியல."

"பட்டப்பேரு கேக்கணும், மாரெஷாலோ. கேக்காததுக்குப் பேர் மேல பழி போடாதீங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. தாளின் மேல் குனிந்திருந்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். நான்கு மூலையையும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தின நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

"இது என் கைக்கு வரவே இல்ல."

"பாதுவா முத்திரை இருக்கேம்மா."

"அந்த முத்திரையைப் பாருங்க. வட்டம் தபால்தலை ஓரத்தோட நிக்குது. முத்திரை குத்தினா பாதி தலை மேலயும் பாதி தாள் மேலயும் விழும். இங்க தாள் மேல ஒரு கீறல்கூட இல்ல. வேற எதுலயோ இருந்த பழைய தலையை உரிச்சு ஒட்டியிருக்காங்க. தேதியும் புரியல."

ஸப்பலா பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஆளுங்க நாலு பேர் பாத்தோம். நீங்க எப்படி ஒரு நிமிஷத்துல…"

"நான் அதை முதல்ல பாக்கல. வேற ஒன்னு இல்லாததைப் பாத்தேன். அப்புறம்தான் மத்ததெல்லாம் தேடினேன்."

அது என்ன என்று சொன்னாள். சொல்லச் சொல்ல ஸப்பலாவின் முகம் மாறியது.

"அப்ப கையால கொண்டுவந்து வெச்சிருக்கான்," என்றார் மெதுவாக. "கதவு தப்பல. குறி பாபூசேதான்."

"ஆமா. மஸ்தேலா பேரை மறைப்பாப் பிடிச்சுக்கிட்டான். இன்னைக்கு நாலு மணிக்கு அந்தச் சந்துக்காரங்களை எல்லாம் பாபூசே வீட்டுக்குக் கூப்பிடுங்க. கடைசியா வந்த கடுதாசி உறையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஏன்னு சொல்ல வேணாம்."

திங்கள், மாலை 4.00.

வெளியே பிள்ளைகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு மார்த்தினார் பாட்டுப் பாடி வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போனார்கள். ஓலிவோ சந்தில் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

சமையலறையில் சந்துக்காரர்கள் பதினான்கு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நோர்மா உறைகளை வாங்கி மேசையில் வரிசையாக வைத்தாள். எலீதேயின் உறை. மஸ்தேலாவின் உறை. பக்கத்துவீட்டு அசுந்தா தியோஸோ, "என் பையன் ஜெனோவாவுலேர்ந்து எழுதினது, உள்ள படிச்சிடாத," என்று கொடுத்தாள். கடைசியாகக் கிஸ்லோட்டி ஒரு வங்கி உறையை நீட்டினார்.

நோர்மா எலீதேயின் உறையை எடுத்து அவரிடம் காட்டினாள். மூலையில் நீலக் கிறுக்கல்.

"இது என்னன்னு சொல்லுங்க, கிஸ்லோட்டி."

அவர் கண்ணைச் சுருக்கினார். "எடைக் குறியா? இல்ல, ஏதாவது பாக்கிக் கட்டணமா?"

அறையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"எட்டு வருஷமா இந்தச் சந்துல இருக்கீங்க," என்றாள் நோர்மா. "அசுந்தா, நீ சொல்லு."

"இதைப் போய்க் கேக்குறியே. பட்டப்பேரு. காலைல ஆறரைக்குத் தபால் நிலையத்துல ஒத்தெல்லோ கிழவன் நீலப் பென்சில்ல எழுதுவான். அது இல்லாத உருப்படி பைக்கே வராது. யாரோடதுன்னு விசாரிச்சு, எழுதி, அப்புறம்தான் வரும்."

"என் பேரனோட பள்ளிக்கூடச் சீட்டுலகூட இருக்கும்," என்றது ஒரு குரல்.

நோர்மா பழுப்புத் தாளை விரித்தாள். நான்கு மூலையும் வெறுமையாக இருந்தன.

"இந்தப் பார்சல் நிலையத்துக்குள்ள நுழைஞ்சிருந்தா, ரெண்டு ஜொவாக்கினோ இருக்கிற சந்துக்கு, பட்டப்பேரு இல்லாம வெளிய வந்திருக்காது. அதனால இது தபால்ல வரல. தபால்ல வந்த மாதிரி ஒருத்தர் செஞ்சிருக்காரு. தலை ஒட்டினாரு, தட்டச்சு பண்ணினாரு, கயிறு கட்டினாரு. எல்லாம் கச்சிதம். நீலக் குறியை மட்டும் போடல. ஏன் போடல?"

அவள் தாளை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இங்க இருக்கிற யாரு இதைச் செஞ்சிருந்தாலும் குறியைப் போட்டிருப்பாங்க. மஸ்தேலான்னு எழுதிட்டு இங்க வெச்சிருந்தா, நான் தப்பு பண்ணினதா இன்னும் நல்லாவே நம்பியிருப்பாங்க. போஸ்கோலோவுக்கும் தியோஸோவுக்கும் தினமும் அந்தக் குறி வருது, அது இல்லாத உறையே அவங்களுக்கு வெத்தா தெரியும். ஊர்லயே ஒத்தைப் பேரா இருக்கிறவருக்குக் குறி தேவையில்ல. அவருக்கு வர்ற உறை எப்பவும் சுத்தமா இருக்கும்."

எல்லாக் கண்களும் மேசைக்குப் போயின. பதின்மூன்று உறைகளில் நீலம். ஒன்றில் இல்லை.

கிஸ்லோட்டி தொப்பியைக் கையில் திருப்பினார். "ஒரு பென்சில் கோடு இல்லங்கறதுக்காகவா?"

"நான் பார்சல் வெச்சதைப் பாத்தேன்னு சொன்ன ஒரே ஆள் நீங்க," என்றாள் நோர்மா. "நான் வெக்கலன்னு ஆன பிறகு, அந்தப் பனியில நீங்க எதைப் பாத்தீங்க?"

ஸப்பலா முன்னால் வந்தார். "நாங்க இங்க பேசிட்டிருக்கிற நேரத்துல என் ஆளுங்க உங்க கிடங்கைச் சோதனை போட்டாங்க. தட்டச்சு இயந்திரத்துல 'g' எழுத்துக்கு வால் உடைஞ்சிருக்கு. பார்சல்லயும் அப்படித்தான். அப்புறம் எலி மருந்து டப்பா. கூடவே கழிவு கலக்கிற தடைசெஞ்ச காயல்லேர்ந்து வாரின சிப்பி, நாலு மூட்டை, நல்ல சிப்பின்னு சீட்டுக் கட்டி. பாபூசே தன் படகுலேர்ந்து அதைப் பாத்துட்டாரு, இல்லையா?"

கிஸ்லோட்டி உட்கார இடம் தேடினார். யாரும் நாற்காலி நகர்த்தவில்லை.

"போன வருஷம் நேப்பிள்ஸ்ல சிப்பி தின்னு காலரா வந்து செத்தாங்களே, உனக்குத் தெரியாதான்னு கேட்டாரு," என்றார் கடைசியில். "கத்தல. மிரட்டல. நீயே போய்ச் சொல்லு, அதான் உனக்கு நல்லதுன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. ஒவ்வொரு நாளும் ஜன்னலைப் பாத்து வணக்கம் வெச்சாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

எலீதே அவரைப் பார்த்தாள். "தவணை குடுத்தாரு உனக்கு," என்றாள்.

4.50க்கு அவரை அழைத்துப்போனார்கள். ஸப்பலா வாசலில் நின்று நோர்மாவுக்குச் சல்யூட் அடித்தார். கேலியாக இல்லை, மேலதிகாரிக்கு அடிக்கிற மாதிரியே அடித்தார்.

வியாழன், காலை 10.00.

சவ அடக்கத்துக்குச் சந்தை முழுக்க வந்திருந்தது. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் பாபூசே குடும்பத்தார். ஆறாவது இடத்துக்கு மஸ்தேலா வந்து நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஒருவன் முறைத்தான். எலீதே கையமர்த்தினாள்.

"என்னைக் கொல்ல யாரும் வரலன்னு தெரிஞ்சப்ப சந்தோஷப்படணும்ல," என்று அவன் நோர்மாவிடம் மெல்லச் சொன்னான். "சந்தோஷமா இல்ல. அந்த முப்பத்தோரு பேரும் இன்னும் அப்படியேதான் இருக்காங்க. அந்தக் கணக்கு நான் போட்டதுதானே."

"இன்னைக்கு ஒருத்தனுக்காவது முதல்ல வணக்கம் சொல்லு," என்றாள் நோர்மா.

பெட்டி தோளில் ஏறியது. பாதிரியார் கோவில் வாசலில் நின்று, எங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக, பட்டப்பெயரை விட்டுவிட்டுப் படித்தார். "ஆண்டவரே, உம்முடைய அடியான் ஜொவாக்கினோ போஸ்கோலோவை ஏற்றுக்கொள்ளும். அவன் நல்ல மனிதனாக இருந்தான்."

மஸ்தேலா பெட்டியைத் தோளில் தாங்கியபடி நின்றான். அவன் தலை மெல்லக் கவிழ்ந்தது.