இண்டைக்குக் காணும்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் கோண்டாவிலில் மீனாம்பிகை அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று வாரமாக அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஆசுப்பத்திரி முழுக்கக் காயக்காரர்கள். பாரிசவாதக்காரருக்கு நடை பழக்குவதுதான் என் வேலை, ஆனால் அந்த நாட்களில் என்னையும் காயத்துக்கு மருந்து கட்ட விட்டிருந்தார்கள். அக்காவின் கால் என்ன கதியோ என்ற கவலையோடு சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

உள்ளே பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது. மனம் ஆறிவிட்டது.

அந்த மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசியில் அக்காவுக்கு இடப்பக்கம் இழுத்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது, கலியாணம் செய்யாதவர். சொந்தமென்று அண்ணன் ஒருவர்தான். முதல் சில மாதங்களுக்குள் கால் நடையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பிறகு பெரும்பாடு. ஓடும் பெல்ட்டில் நிற்கவைத்தால் காலுக்கு நடந்தே தீரவேண்டிய கட்டாயம் வரும் என்று, கொழும்பில் பயிற்சியின்போது பார்த்ததை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குடாநாட்டில் ஐந்து வருடமாகக் கரண்ட் இல்லை. அண்ணன் சண்முகநாதன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மூடிக்கிடந்த தன் நெல் மில்லின் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு மர உருளைகளில் பூட்டி, பின்னால் ஒரு சைக்கிளை நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார். அவர் மிதித்தால் பெல்ட் ஓடும். முகட்டு வளையில் கட்டிய வார் அக்காவைத் தாங்கும். நான் பக்கத்தில் குந்தியிருந்து இடது குதிக்காலைப் பிடித்து வைத்துக்கொடுப்பேன். பெல்ட்டின் மூட்டு உருளையில் ஏறும்போதெல்லாம் டக் என்று ஒரு சத்தம் வரும்.

அங்கே ஒரே ஒரு விதிதான். அக்கா போதுமென்று நினைத்து “இண்டைக்குக் காணும், அண்ணை” என்று சொன்னால்தான் அவர் நிறுத்துவார். முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்.

“நீ ஒருநாள் ‘இனிக் காணும்’ எண்டு சொல்லுவாய். அதுவரைக்கும் நான் இறங்கமாட்டன்.”

அன்று நான் உள்ளே போகும்போது அக்கா வாரில் சாய்ந்தபடி நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. அறையின் பின்பக்கம் இருட்டு. சங்கிலி எண்ணெய் மணமும், அடைத்துக்கிடந்த வீட்டின் புழுக்கமும். நான் வழக்கம்போலக் குந்தி, குதிக்காலைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கால் தானாகவே குதியை ஊன்றியது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்காமலே, என்னுடைய வேலையை இனி நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் பகிடி விட்டேன்.



டக்.

“இண்டைக்குக் காணும், அண்ணை,” என்றார் அக்கா மெதுவாக.

பெல்ட் தளர்ந்து நின்றது. நான் எழும்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

சைக்கிளில் ஆள் இல்லை.

பெடல் மட்டும் இன்னும் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

“அண்ணை செத்துப் பன்னிரண்டு நாளாச்சு, தம்பி,” என்றார் அக்கா.

பிறகு நடந்ததைச் சொன்னார். ஷெல் கூவியதும், பக்கத்து வீட்டுக் கமலாவதியைப் பங்கருக்குக் கூட்டிவர அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கி ஓடியிருக்கிறார். அக்கா சொல்லாமல் அவர் இறங்கினது அந்த ஒருநாள்தான். வாசல் படலையடியில் விழுந்தார். அக்கா வாரில் தொங்கியபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பின்னேரம், சும்மா நிற்கவென்று கமலாவதியைக் கொண்டு வாரை மாட்டுவித்தாராம். நாலு மணிக்கு பெல்ட் நகர்ந்தது. இப்போது கமலாவதி வாரை மாட்டிவிட்டதும் ஓடிவிடுகிறாளாம்.

பேய் பிசாசு என்பவர்களைப் பகிடி பண்ணித் திரிந்தவன் நான். அன்று படலை வரைக்கும் நடந்தேன், அதற்குப் பிறகு ஓடினேன்.

ஆனால் திரும்பிப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கால் தேறியதுபோல் என் கையில் வேறு எந்தக் காலும் தேறவில்லை. புரட்டாதி முடிவதற்குள் அக்கா வாரில்லாமல் பெல்ட்டில் நடந்தார். பெல்ட்டை விட்டு இறங்கினால் மட்டும், பத்து எட்டில் கால் நின்றுவிடும். அண்ணையை இனி அனுப்பிவிடுங்கோ, அப்போதுதான் உங்கள் கால் உங்களுடையதாகும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“அனுப்பிப்போட்டால் இந்த வீட்டிலை எனக்கு ஆர், தம்பி?”

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஒக்டோபர் கடைசியில் ஒலிபெருக்கி ஊர் ஊராகக் கத்தியது. ஆமி வருகிறது, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும். நான் விடியப் போனபோது கமலாவதி வீட்டார் போய்விட்டிருந்தார்கள். அக்கா தடியோடு வாசலில் நின்றார். என் சைக்கிள் கரியரில் இருக்கச் சொன்னேன், நடப்பேன் என்றார். படலையில் நின்று வீட்டுக்குள் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

மழை. றோட்டு நிறையச் சனம். அத்தனை பேருக்குள்ளும் அக்கா ஒரே சீராக நடந்தார். பத்து எட்டில் நிற்கும் கால் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டியது. கைதடியில் எல்லோரும் களைத்து வேலியோரம் குந்தினார்கள்.

அக்கா குந்தவில்லை.

“நிக்கேலாமல் கிடக்கு, தம்பி.”

கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. அவர் கால் வைத்த சேற்றில் இரத்தம் தெரிந்தது. அப்போதுதான் நான் உருட்டிவந்த சைக்கிளைக் கவனித்தேன்.

சைக்கிளை முன்னுக்கு உருட்டினால் பெடல் சுற்றாது.

சுற்றிக்கொண்டிருந்தது.

அக்காவின் ஒரு எட்டுக்கு அரைச் சுற்று. சீற் ஆள் இருப்பதுபோல் அமிழ்ந்திருந்தது. கொட்டுகிற மழையில் அந்தச் சீற் மட்டும் நனையவில்லை.

காணும் எண்டு சொல்லுங்கோ அக்கா, சொல்லாவிட்டால் நடந்தே செத்துப்போவீர்கள் என்று நான் அழாக்குறையாகக் கேட்டேன். அவர் அழுதுகொண்டே நடந்தார். சாவகச்சேரி கழிந்தும் சொல்லவில்லை. கொடிகாமம் சந்தைக் கூரை தெரிந்த இடத்தில், மழைச் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்டது.

“இனிக் காணும், அண்ணை. இறங்குங்கோ.”

பெடல் நின்றது. சைக்கிள் என் கையில் லேசானது. அக்கா விழுந்துவிடுவார் என்று பாய்ந்து பிடிக்கப் போனேன். அவர் விழவில்லை. தடியை ஊன்றி நின்றார். பிறகு தன் பாட்டில் நடக்கத் தொடங்கினார். பத்தாவது எட்டையும் தாண்டிக் கால் நிற்கவில்லை. அவ்வளவு சனத்துக்குள் நின்று நான் அழுதேன்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பன்னிரண்டு குடும்பங்களோடு அக்காவுக்கும் ஒரு மூலை கிடைத்தது. கிணற்றடிக்குத் தனியே போய்வந்தார். நான் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. மற்றவர்களுக்கு அவரவர் சனமும் அவரவர் கவலையும். அக்கா சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார், சுவரைப் பார்த்தபடி படுத்தார். நானும் வேலை வேலையென்று ஓடி, அவரோடு இருந்து கதைத்தது குறைவு. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கார்த்திகையில் ஒருநாள் காலை, சைக்கிளை இன்றைக்கு விட்டுவிட்டுப் போகும்படி கேட்டார். ஏனென்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. ஸ்ராண்டில் நிறுத்திவிட்டுப் போனேன்.

பின்னேரம் நாலு மணிக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், சைக்கிளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மர வாங்கில் அக்கா நிமிர்ந்து இருந்தார். கோண்டாவிலை விட்டபின் அந்த முகத்தில் நான் காணாத நிம்மதி. சேலைக் கரைக்குக் கீழே இடது கால் எழும்பியது, குதியை ஊன்றியது, மறுபடி எழும்பியது.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இண்டைக்கு மட்டும் எண்டுதான் அண்ணையைக் கூப்பிட்டனான், தம்பி.”

அங்கே உருளை இல்லை, பெல்ட் இல்லை. வெறும் சீமெந்துத் தரை.

டக்.