வாலறுந்த அம்பு

மில் முதலாளி செத்துக் கிடந்தார்... கம்ப்யூட்டர் திரையில், ஒரு சிவப்பு வட்டத்துக்குள்!

சுற்றிலும் இன்னும் சில வட்டங்கள். முதலாளியின் மனைவி. பெட்ரோல் பங்க். முதலாளியின் கார் டிரைவர். டிரைவரை ஒட்டி, கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ஒன்று. யாருக்கு யாரோடு என்ன தொடர்பு என்று வட்டத்துக்கு வட்டம் அம்பு. 'கொன்றவர்' என்ற அம்பு டிரைவரிடம் கிளம்பி முதலாளி மேல் பாய்ந்திருந்தது.

படம் வரைவது, சரிபார்ப்பது, அதை அறிக்கையாக மாற்றுவது... எல்லாம் ஸ்டேஷன் ஆபரேட்டரின் வேலை. ஆனால் அந்த ஓர் அம்பை இழுக்கச் சொன்னது, அவள் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர்!

வெளியே பெஞ்சில் டிரைவர், விலங்கோடு. பக்கத்தில் நிறைமாத மனைவி. நாலு மணிக்கு அறிக்கை கோர்ட்டுக்குப் போனால் அவன் கதை முடிந்தது.

"சீக்கிரம் அறிக்கையா மாத்தும்மா!"

"சரிபார்க்காம மாத்தாது சார்."

'சரிபார்' பட்டனை அழுத்தினாள்.

டொய்ங்...!

"கொலை நடந்த ஒன்பது மணிக்கு டிரைவர் பங்க்லயும் இருக்கான், முதலாளி வீட்லயும் இருக்கான். ஒரே ஆள் எப்படி ரெண்டு இடத்துலன்னு கேக்குது சார்."

"கேள்வி கேக்க அது யாரு? பங்க்கை அழி!"

"கேமராவுல அவன் பெட்ரோல் போடறது தெளிவா இருக்கு சார். பாவம் சார் அவன்..."

"நீ தள்ளு!"

மவுஸைப் பிடுங்கினார். லத்தி பிடித்தே பழகிய கை! பங்க்கை அழிக்கப் போனவர், டிரைவரையும் சேர்த்து அழித்துவிட்டார்.

'கொன்றவர்' அம்பு வாலறுந்து அந்தரத்தில் தொங்கியது.

டொய்ங்...!

"கொன்னது யாருன்னு கேக்குது சார்."

"இதென்ன பட்டன்... 'தானே சரிசெய்'? இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?"

"ஐயோ சார், அது வேணாம்...!"

அழுத்தியே விட்டார்.

எல்லாம் பச்சை! மாற்று. பிரிண்ட். படிக்காமலே கையெழுத்து. அப்போதுதான் உள்ளே நுழைந்த மேலதிகாரியிடம் பெருமையாக நீட்டினார்.

மேலதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'மில் முதலாளியைக் கொன்றவர்... இன்ஸ்பெக்டர்.' என்னய்யா இது?"

அது மெஷின் செய்த கூத்து என்று சொல்ல ஆபரேட்டர் வாயெடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருமே பாக்கலையே சார்...! நான் போட்ட பொய்க் கேஸையெல்லாம் வெளிய சொல்லிடுவேன்னு அந்த முதலாளி மிரட்டினான்... கோவத்துல மாடிப்படியில தள்ளிட்டேன் சார்...!"



பத்தே நிமிடத்தில் விலங்கு கைமாறியது. டிரைவர் மனைவியின் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். ஆபரேட்டருக்கும் கண் கலங்கியது.

ஜீப்பில் ஏறுமுன் இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ஏம்மா... அந்த மெஷின் எப்படிம்மா கண்டுபிடிச்சுது?"

"அது எங்க சார் கண்டுபிடிச்சுது? வாலறுந்த அம்பைப் பக்கத்துல இருக்கற வட்டத்துல ஒட்டிடும், அவ்வளவுதான். நீங்க மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா, நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டிருப்பேன்!"