ஆளுக்கு ஒரு காது

எனக்கு எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வராது. ஐஸ் வண்டி வந்தால், மற்றவர்கள் தின்று முடித்துக் கையைத் துடைக்கும்போதும் நான் "பால் ஐஸா, சேமியா ஐஸா?" என்று நின்றுகொண்டிருப்பேன். ஒருவழியாக ஒன்றைச் சொன்ன பிறகும் "ஆனா…" என்று இழுப்பேன். அதனால் அப்பா எனக்கு 'ஆனா சிவசங்கரி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். பாட்டுக் கேட்கிற பிளேயர் வாங்கத்தான். அம்மாவின் போனில் நான் பாட்டாகக் கேட்டு சார்ஜைத் தீர்த்துவிடுவேன். கம்பெனிக்குப் போன பிறகு அம்மாவின் போன் செத்துக் கிடக்கும். "போனைத் தொடாம இருந்தா உனக்குன்னு ஒரு பாட்டுப் பொட்டி வாங்கித் தரேன்" என்று அம்மா சொல்லியிருந்தார்.

கடைக்காரர் ஆதிமூலம் அண்ணன் கண்ணாடி மேசைமேல் இரண்டு பிளேயர்களை எடுத்து வைத்தார்.

ஒன்று நீலம். தீப்பெட்டி அளவுதான். அதன் திரை மீன் செதில் மாதிரி பளபளத்தது. இன்னொன்று சாம்பல் நிறம். சோப்பு டப்பா போலத் தடிமனாக இருந்தது. அதன் முதுகில் ஒரு குட்டி ஸ்பீக்கர்.

"நீலம் இயர்போன்ல மட்டும்தான் கேக்கும். இந்தச் சோப்பு டப்பாவுல இயர்போனும் மாட்டலாம், சும்மாவும் பாடும். பால்காரங்க சைக்கிள்ல தொங்க விட்டுக்கிட்டுப் போவாங்களே, அது" என்றார்.

"சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்ணே?"

"ரெண்டும் ஒரு நாள் தாங்கும்."

"கீழ விழுந்தா?"

"விழாம பாத்துக்கோ."

"பஸ் சத்தத்துல கேக்குமா? மழையில நனைஞ்சா?"

"ஏம்மா, நீ வாங்க வந்தியா, எனக்குப் பரீட்சை வெக்க வந்தியா?"

அப்பா சிரித்தார். நான் நீலத்தை எடுத்துக்கொண்டேன். கடைப் படியை விட்டு இறங்கும்போதே, "ஆனா ஸ்பீக்கர் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தேன்.

"கீறல் இல்லாம ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தரேன், போ!" என்று ஆதிமூலம் அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் ஸ்டூடண்ட் ஸ்பெஷல் பஸ்ஸில் அறிவுமதியிடம் அதைக் காட்டினேன். அவள் இந்த வருடம்தான் மூலக்குளத்துக்குக் குடிவந்தாள். என் வகுப்புதான். அதிகம் பேச மாட்டாள். பஸ்ஸில் எப்போதும் எனக்கு இடப்பக்கம் ஜன்னலோரமாக உட்காருவாள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுத் தரமாட்டாள்.

"ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கலாமா?" என்றேன்.

"எனக்கு வலது காதுக்குக் குடு" என்றாள். நான் இடது காதில் மாட்டிக்கொண்டேன். நடுவில் ஒயர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ரெட்டியார்பாளையம் வருவதற்குள் நான்கு பாட்டுகள் முடிந்துவிட்டன.

அன்று மாலை மாடி டியூஷனில், எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் மாலா அக்கா ஒரு செய்தி சொன்னார். நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து எங்கள் ஊர் விடுபட்ட நாள்; எங்கள் நகரில் விடுதலை நாள் விழா. டியூஷன் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாட்டை அக்காவே எழுதியிருந்தார். அக்காவின் தம்பி ராஜ்கமல் அதற்கு இசை போட்டு, பாடிக் காட்டிப் பதிவு செய்து கொடுத்திருந்தார்.

*காலாப்பட்டுக் காத்தே வா,
கடலைக் கொஞ்சம் தூக்கி வா…*

முதல் பாதியை நான் பாட வேண்டும். பிறகு ஒரு புல்லாங்குழல் வரும். அது நின்றதும் அறிவுமதி தொடங்க வேண்டும். அக்கா தன் போனில் பாட்டைச் சத்தமாக வைத்தார். அறிவுமதி முதல் தடவையிலேயே சரியான இடத்தில் பிடித்துக்கொண்டாள். மெல்லிய, சுத்தமான குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அதற்குள் கீழ் வீட்டில் பச்சைக் குழந்தை வீரிட்டு அழுதது.

"அம்மாடி! இப்பதான் தூங்க வெச்சாங்க" என்று அக்கா போனை அணைத்தார். "இனிமே சத்தமா வெக்கக் கூடாது. சிவசங்கரி, உன் பிளேயர்ல ஏத்தித் தரேன். நீங்க ரெண்டு பேரும் அதுல கேட்டுப் பழகுங்க."

என் பிளேயருக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் மாலைவரைதான் நீடித்தது.

ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பாடினோம். என் பாதி முடிந்தது. புல்லாங்குழல் பாதியில் இருக்கும்போதே அறிவுமதி தொடங்கிவிட்டாள். மறுபடி பாடினோம். இந்த முறை புல்லாங்குழல் நின்று வெகுநேரமாகியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஏறிட்டா. இப்ப பஸ் போன பிறகு கை காட்டுறா!" என்றான் எங்களோடு டியூஷன் படிக்கும் விஜய். எல்லோரும் சிரித்தார்கள்.

புதன்கிழமையும் அப்படித்தான். மாலா அக்கா கோபப்படவில்லை. ஆனால் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமை பாப்போம், அறிவு. அப்பவும் வரலன்னா அந்தப் பாதிய விஜய் பாடட்டும். உனக்கு வேற எதனா குடுக்கறேன்."

அறிவுமதி தலையை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ராத்திரி வீட்டில் பிளேயரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை அக்காவின் போனில் சரியாகப் பாடியவள் என் பிளேயரில் ஏன் தடுமாறுகிறாள்? அப்படியானால் தப்பு அவளிடம் இல்லை. என் பிளேயரில்தான். நான்தான் தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

யோசித்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வீட்டில் நான் தனியாக இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டால் மேளம் தெளிவாகக் கேட்கும். அறிவுமதியோடு கேட்கும்போது அது கேட்பதே இல்லை. பஸ் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். டியூஷனில் ஏது பஸ்?

இடது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டேன். குரல் வந்தது, புல்லாங்குழல் வந்தது. மேளம் இல்லை.

வலது பக்கத்தை மட்டும் மாட்டினேன். டும் டும் என்று மேளம் மட்டும். குரலும் இல்லை, குழலும் இல்லை!

பிளேயர் நன்றாகத்தான் இருந்தது. பாட்டைத்தான் ராஜ்கமல் அண்ணன் அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி என்று பிரித்து வைத்திருந்தார். பாவம் அறிவுமதி. இத்தனை நாளாக வெறும் மேளத்தைக் கேட்டுக்கொண்டு எப்போது தொடங்குவது என்று தவித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் அவசரமாக அவளிடம் இரண்டையும் நீட்டினேன். "நீயே ரெண்டு காதுலயும் மாட்டிக்கோ. இப்ப சரியா வரும் பாரு!"

அவள் தயங்கினாள். பிறகு மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது. என் பாதியை நான் முணுமுணுத்தேன். அவள் தொடங்கினாள்.

மறுபடியும் தப்பு.

"இப்ப புல்லாங்குழல் கேக்குதில்ல?"

"எந்தப் புல்லாங்குழல்?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. என் கணக்குத்தான் தப்போ? வீட்டில் செய்ததுபோல ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. இடது பக்கத்து இயர்போனைக் கழற்றி அவளுடைய வலது காதில் வைத்தேன்.

அறிவுமதியின் கண்கள் பெரிதாகின. "ஐய! இதுல பாடுறாங்க… குழலு கூட இருக்கு!"

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. எப்போதும் என் இடப்பக்கம் உட்காருவது. எப்போதும் வலது காதைக் கேட்பது. முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்பாதது.

அவளாகவே சொன்னாள்.

"எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்ப போயிடுச்சு. பழைய ஸ்கூல்ல எல்லாம் செவுடுன்னுதான் கூப்புடுவாங்க. இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிடாதடி."

"சொல்ல மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. இந்த இயர்போன மாத்தி மாட்டிக்கோ. பாட்டுச் சரியா வந்துடும்."

"ம்." இயர்போனைக் கழற்றி ஒயரை விரலில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: "அப்ப இயர்போன்ல நான் கேட்ட பாட்டெல்லாம் பாதி பாதிதானா, சிவா?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னோடே இருந்தது. மாலா அக்காவிடம் சொன்னால் உதவுவார். ஆனால் அது என் விஷயமில்லை, அவளுடைய விஷயம். மாற்றி மாட்டினால் இந்தப் பாட்டில் தப்பிக்கலாம். மற்றப் பாட்டுகளில்? எந்தப் பக்கம் எது ஒளிந்திருக்கிறதோ!

அக்காவின் போனில் மட்டும் அவளுக்கு எப்படி எல்லாம் கேட்டது?

ஸ்பீக்கர்! அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. எல்லாம் ஒரே வாயிலிருந்து வருகிறது.

வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து வந்ததும், "பிளேயர மாத்தணும்பா" என்றேன்.

"எதிர்பாத்தேன்" என்றார் அப்பா. "இத்தினி நாள் தாங்குனதே பெருசு. அதுல இன்னா கோளாறு?"

"ஒண்ணும் இல்லப்பா. அது ஒருத்தர் கேக்குறதுக்கு நல்லது. நாங்க ரெண்டு பேரு."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆதிமூலம் அண்ணன் நீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. "நல்லா யோசிச்சுட்டியா? அப்புறம் நாளைக்கு வந்து…"

"யோசிச்சுட்டேன்ணே."

பாட்டுகள் இருந்த கார்டை அண்ணன் மாற்றிப் போட்டுத் தந்த சாம்பல் பிளேயர் கையில் கனமாக இருந்தது. நீலம் மறுபடி கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்து பளபளத்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தேன்.

சனிக்கிழமை மாலை. எங்கள் இரண்டு தலைகளுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டோம். கீழ் வீட்டுக் குழந்தைக்குக் கேட்காத அளவுக்குச் சத்தம். அறிவுமதி வலது காதை அதன்மேல் சாய்த்தாள். என் பாதி முடிந்தது. குழல் வந்தது, வளைந்தது, நின்றது.

சரியாக அந்த நொடியில் அவள் குரல் எழுந்தது.

முடிந்ததும் மாலா அக்கா, "அடிப்பாவி! இத்தினி நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார்.

"என் பழைய பிளேயர் ஒத்து வரலக்கா. மாத்திட்டேன்" என்றேன் வேகமாக.

விஜய்க்குத் தன் பாட்டுப் போன வருத்தம். "பொட்டிய மாத்துனா எப்புடித் தாளம் வரும்? அதென்ன காதுல ஒட்டி வெச்சிக்கினு? இயர்போன் இல்லியா?"

நான் ஏதோ ஒரு பொய்யைத் தேடி வாயைத் திறந்தேன். எது நல்ல பொய் என்று தேர்ந்தெடுப்பதற்குள் அறிவுமதி பேசிவிட்டாள்.

"எனக்கு ஒரு காதுதான் கேக்கும், விஜய்."

அவள் முகம் சிவந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"நீ கத்துறதக் கேக்க அந்த ஒண்ணே போதும்" என்றாள்.

முதலில் சிரித்தது மாலா அக்காதான். அப்புறம் எல்லோரும். விஜய் தலையைச் சொறிந்துகொண்டே, "எந்தக் காது கேக்காது?" என்றான்.

"ஏன்?"

"இனிமே உன்னத் திட்டணும்னா அந்தப் பக்கம் வந்து நிப்பேன்ல."

சிரிப்புச் சத்தத்தில் கீழ் வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. அன்றைய டியூஷன் அத்தோடு முடிந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் அறிவுமதி வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். சாம்பல் பிளேயர் நடுவில் மெதுவாகப் பாடியது. குரல், குழல், மேளம் எல்லாம் சேர்ந்து.

"உண்மையச் சொல்லு. நீலம்தான அழகா இருந்துச்சு?" என்றாள்.

"நீலம்தான் அழகு" என்றேன். "ஆனா…"

அறிவுமதி காத்திருந்தாள். நானும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

"ஆனா இதுதான் சரி" என்றேன். என் 'ஆனா' முதல்முறையாக ஒரு முடிவோடு நின்றது.