கணுவுக்கு மேலே ஒரு வெட்டு

அந்தக் கட்டை சூடாக இருந்தது.

பால்கனியைக் கூட்டுவதற்காகத் தொட்டியை ஓரமாக நகர்த்தியவள், பிடிமானத்துக்காகப் பாலித்தீன் உறைக்கு மேலேயே அதை அணைத்துப் பிடித்தபோதுதான் கவனித்தாள். காலையிலிருந்து மழை விடவில்லை. தரை ஓடு, கைப்பிடிக் கம்பி, துடைப்பத்தின் காம்பு எல்லாமே சில்லென்று இருந்தன. கட்டை மட்டும், காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தையின் பின்கழுத்தைப் போல ஈரமும் வெதுவெதுப்புமாக இருந்தது. கணவன் உள்ளே எரு ஏதாவது கலந்திருப்பான், அது புழுங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கையை நைட்டியில் துடைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது. தொட்டியில் எருவே இல்லை. வெறும் மணலும் செங்கல் பொடியும்தான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. போகிற வழியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் நின்ற காகிதப் பூ மரத்தை மண்வாரி இயந்திரம் வேரோடு பிடுங்கி எறிந்திருந்தது. கிளைகளெல்லாம் நசுங்கிப் போக, ஓர் ஆளின் தொடைப் பருமனில் அடிக்கட்டை மட்டும் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கேட்டதும், அடுப்பெரிக்கக்கூட ஆகாது, எடுத்துக்கொண்டு போ என்று சிரித்தார் டிரைவர். அவளுக்கு அது அடுப்புக்கு வேண்டியிருக்கவில்லை. கணவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவன். காகிதம் வெட்டும் இயந்திரம் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்துக்கொண்டுவிட்டது. திருமணமான புதிதில் அந்த இரண்டு விரல்களால்தான் அவள் நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிடுவான். சமையலறையில், பேருந்தில், யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல். விபத்துக்குப் பிறகு அவளை இடது கையால்கூடத் தொடவில்லை. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அங்கே தட்டுத் தட்டாக அவன் ஆசையாய் வளர்த்த போன்சாய் மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. தன் மனிதனைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்வது என்று தெரியாமல்தான், வேலைக்குக் கட்டிய நல்ல புடவையோடு சேற்றில் இறங்கி அந்தக் கட்டையைத் தூக்கினாள்.

பலன் இருந்தது. கட்டையைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான்.

"எங்க புடிச்ச இத, டாக்டரம்மா?" என்றான். பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று எச்சில் குழாய் பிடிப்பவளுக்கு அவன் வைத்த பெயர் அது. அதை அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

இடது கையால் ரம்பம் பிடித்து, மீதிக் கிளைகளை ஒட்ட அறுத்தான். ஆணிவேரைத் தட்டையாக வெட்டினான். நைந்த துணியைக் கிழிப்பது போல நார் நாராகப் பிரிந்த அந்த மரத்திலிருந்து, ஊறிய சணலும் பச்சை ரத்தமும் கலந்த மாதிரி ஒரு வாடை எழுந்து வீடெல்லாம் பரவியது. இப்படி வெட்டினால் செத்துப்போகாதா என்று அவள் கேட்டாள். கணுவுக்கு மேலே வெட்டினால் எதுவும் சாகாது, ஒன்று போன இடத்தில் இரண்டு வரும் என்றான். வெட்டுவாயில் மெழுகு உருக்கிப் பூசினான். தொட்டியின் அடித்துளைகள் வழியாக அலுமினியக் கம்பியைக் கொடுத்துக் கட்டையைச் சுற்றி இறுக்கினான். ஆடினால் வேர் பிடிக்காதாம். மேலே பாலித்தீன் உறை. துளிர் முற்றும்வரை யாரும் திறக்கக் கூடாது.

கம்பியை முறுக்கும்போது கட்டையின் அடியிலிருந்த ஒரு முள், அவனுடைய விரல் போன தழும்புக்குள் ஆழமாக ஏறியது. அவள் பஞ்சு எடுக்க ஓடினாள். அவன் அதைப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பிவிட்டுச் சிரித்தான்.

கீழ் வீட்டில் இருந்த நாத்தனார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, இடுப்பில் கை வைத்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவன் மொகத்துல இப்படி ஒரு களை இல்லடி. நீ வேணா ஒரு தொட்டியில போய் உக்காந்து பாரேன்" என்றாள்.

கட்டை சூடாக இருந்த அந்த மழை நாளின் சாயங்காலம், அவன் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

தழும்பின் நடுவே மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது. சீழ் வைத்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். விளக்கடியில் பிடித்து, நுனிவிரலால் மெல்லத் தொட்டாள். அது சுருங்கிக்கொண்டது. அதன் உச்சியில், மீன் செதில் மாதிரி, ஒரு நகம் இருந்தது.

உடனே மருத்துவரிடம் போகலாம் என்றாள். அவன் அவளையே பார்த்தான்.

"போனா வெட்டிருவாங்க. இன்னொரு தடவ வெட்ட விடுவியா நீ?"

அவள் அவன் கையை மெல்ல மூடிவிட்டாள்.

விரல்கள் வளர்ந்தன. முதலில் எலும்பில்லாத வெள்ளரிப் பிஞ்சு போல. பிறகு மடங்குகிற, பிடிக்கிற விரல்களாக. ஒரு நாள் அடுப்படியில் நின்றபோது, அவன் பின்னாலிருந்து வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினான். விரல் ஈரமாக இருந்தது. சணல் வாடை அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றாள். திரும்பி வந்துவிட்டான், அது போதும் என்று நினைத்தாள். நாத்தனார் வந்தபோது அவளே அவன் கையைப் பிடித்திழுத்துக் காட்டினாள். நாத்தனார் அழுதாள், திட்டினாள், அந்த விரல்களுக்கு முத்தம் கொடுத்தாள். போகும்போது படியில் நின்று, தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, தம்பியை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு வேறு விரல்களும் வந்தன.

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அப்புறம் ஏழு. சிலவற்றுக்குக் கணுவே இல்லை. கொடி போல வளைந்து, பக்கத்தில் இருப்பதைச் சுற்றின. தூக்கத்தில் அவன் கை போர்வைக்கு அடியில் தானாக ஊர்வதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடந்தாள். வேண்டாத துளிரைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பலம் எல்லாவற்றுக்கும் பிரிந்து போய்விடும் என்று அவன் சொன்னான். அதைத் தன்னால் செய்ய முடியாது, அவள் கைதான் நடுங்காது என்றான். அது உண்மை. எத்தனை பேர் வாயில் ரத்தத்தைத் துடைத்த கை அது.

செய்தித்தாளை விரித்தாள். இடுக்கியால் பிடித்து, சின்னக் கத்தரியால் வெட்டினாள். பீன்ஸ் ஒடிகிற சத்தம். முதலில் பால் மாதிரி ஒரு நீர், அதற்குப் பின்னால் கொழகொழவென்று ரத்தம். அவன் முனகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் உச்சந்தலையில் முகத்தை அழுத்திக்கொண்டான். ஐந்தாவது துண்டு இடுக்கியை விடவில்லை. காகிதத்தில் உதறியும் விடவில்லை. அதை அடுப்பில் போட்டாள். அது கருகிய வாடை நாத்தனார் வீடுவரை போயிருக்க வேண்டும்; யார் வீட்டில் கறி தீய்கிறது என்று கீழேயிருந்து கேட்டாள்.

காலையில், வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இருந்தன. மணிக்கட்டில் புதிதாக ஒரு வரிசை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல கிளை பிரிந்த மரத்தைப் பார்க்கிற அதே பார்வை.

அடுத்த நாள் குப்பைக் கூடையில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தாள். கட்டை விரல். அவனுடைய சொந்தக் கட்டை விரல். கல்யாண மோதிரம் வாங்கப் போன கடையின் கதவில் நசுங்கிய பழைய தழும்போடு.

பழசு, புதுசுக்கு இடம் விட வேண்டாமா என்றான். மெழுகு பூசிய கையால் தேநீர் டம்ளரைத் தூக்கிக் குடித்தான். அத்தனை விரல்களும் டம்ளரைச் சுற்றி இறுகின.

"அக்கா முழங்கால் ரொம்ப மோசம். மேல சுத்தமா ஒரு வெட்டு போதும். புதுசா வந்துடும்."

"அவங்க மேல கை வச்சீங்க, நான் உயிரோட இருக்க மாட்டேன்."

அவன் கொஞ்சுவது போலச் சிரித்தான். அவள் மிரட்டியதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது ரம்பம், கத்தரி, கம்பிச் சுருள், சமையலறைக் கத்திகள் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் வீட்டு வாசலில் ஒரு கணம் நின்றாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என்னவென்று சொல்வது? உங்கள் தம்பிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றா? அவனை யார் முன்னாலும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை அவளுக்கு. மருத்துவரிடம் பேசி, ஒரு வழி பண்ணிவிட்டு, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்தாள்.

பல் மருத்துவர் முழுதும் நம்பவில்லை. ஆனாலும் தெரிந்த அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசி, அன்றைக்கே அழைத்துவரச் சொன்னார். அவள் பையை எடுக்கும்போது போன் அடித்தது. நாத்தனார். குரலில் சின்னப் பெண்ணின் குறுகுறுப்பு.

"தம்பி மேல கூப்புடுறான்டி. கொஞ்ச நேரந்தான் வலிக்குமாம். நீ வந்து பாத்தா அசந்துடுவன்னு சொல்றான். சொல்லாதன்னான், எனக்குத்தான் வாய் நிக்கல."

"அண்ணி, போகாதீங்க. கதவச் சாத்துங்க. அண்ணி."

இணைப்பு போய்விட்டது. திரும்ப அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

மழையில் வண்டி கிடைக்கவில்லை. கிடைத்த வண்டி நெரிசலில் நின்றது. இறங்கி ஓடினாள். அவள் தெருமுனைக்கு வந்தபோது மழை விட்டு, மதிய வெயில் சுள்ளென்று அடித்தது.

நாத்தனார் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படியடியில் நாத்தனாரின் செருப்பு, ஜோடியாக. மேலே போகப் போக வாடை. ஊறிய சணல். மெழுகு. அப்புறம், பல் பிடுங்கிய அறையில் வருகிற அந்த இன்னொரு வாடை.

கூடத்தில் அச்சகத்தின் பழைய வெட்டுக்கத்தி கிடந்தது. முழ நீளம். இயந்திரத்தில் மாற்றிய பிறகு அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டிருந்தது. அவள் அதை மறந்திருந்தாள்.

ரத்தம் பால்கனிப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அகலமாக. துணியால் துடைக்கவும் முயன்றிருந்தான்.

பால்கனியில் காகிதப் பூக் கட்டை உறையின்றி நின்றது. உடம்பெல்லாம் துளிர்; அடியில் மட்டும் ஒரு முள் புதிதாக ஒடிக்கப்பட்டிருந்தது. அதன் உறை பக்கத்தில், பாதியாக அறுத்த தண்ணீர் டிரம்முக்கு மேல். அது போதாமல் இன்னும் இரண்டு உறைகளை ஒட்டுப் போட்டிருந்தான். உள்பக்கம் முழுக்க மூச்சு படிந்து வெள்ளையாக இருந்தது. உறை மெல்ல உள்ளே ஒட்டியது. மெல்ல உப்பியது. ஒட்டியது. உப்பியது.

அவள் கை உறையை நோக்கிப் போனது.

"தூக்காத" என்றான் அவன், பின்னாலிருந்து, மிகவும் அன்பாக. "இப்பத்தான் புடிச்சிருக்கு."

அவன் கை அவள் மணிக்கட்டில் வந்து படிந்தது. எத்தனை விரல்கள் என்று தெரியவில்லை. சில இறுக்கின. சில முழங்கையை நோக்கி ஏறின. எலும்பு கூடுகிற இடத்தைத் தேடி, அழுத்திப் பார்த்து, நின்றன.

உறைக்குள்ளிருந்து குரல் வந்தது. களைத்த குரல். வெட்கப்படுகிற குரல்.

"வலியே இல்லடி."

மூச்சுப் படலம் உள்ளிருந்து துடைக்கப்பட்டது. சின்னதாக, வட்டமாக. அந்த இடைவெளியில் நாத்தனாரின் கண்கள் தெரிந்தன. தோளைச் சுற்றி, கழுத்துக்குக் கீழே, இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்துத் துணி காயப்போடும் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். அவள் அசையவில்லை. அசைய வழியே இல்லை.

ஆனாலும் துடைப்பது நிற்கவில்லை. கீழேயிருந்து, மணலுக்குச் சற்று மேலே, தொடை முடிந்த இடத்து மெழுகைப் பிளந்துகொண்டு வந்த சிவப்பான குட்டிக் கால்விரல்கள், கொத்துக் கொத்தாக, அவசரம் அவசரமாகக் கண்ணாடி போலப் பாலித்தீனைத் துடைத்துக்கொண்டிருந்தன.