ஹாலுக்குள் வந்த கூட்ஸ் ரயில்

பிளெஸ்ஸியின் அம்மா ஞானமணி ரயில்களைப் படம் பிடிப்பார். பாசஞ்சரோ, கூட்ஸோ, எதுவானாலும் சரி. நன்றாக வந்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வீட்டுச் சுவர்களில் மாட்டுவதற்கு விற்பார்.

அவற்றில் மிகப் பெரியது ஒரு கூட்ஸ் ரயில் படம். இன்ஜின் நம்மை நோக்கியே வருவதுபோல இருக்கும். திருமயத்தில் புது வீடு கட்டிய வீரய்யா அதை ஆசையாக வாங்கிப் போனார்.

சில நாளிலேயே அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, படத்தைத் திருப்பி எடுத்துக்கங்க. எங்க முகிலு ஹாலுக்குள்ள காலே வைக்க மாட்டேங்கிறான். பயந்துட்டான் போல."

கார்முகில் அவருடைய நான்கு வயது மகன்.

ஞானமணியின் முகம் வாடிவிட்டது. "அம்மாம் பெரிய படத்தை நம்ம வீட்ல எங்கிட்டு மாட்டுறது?"

"சமையல்கட்டுல மாட்டலாம்மா. மிக்சி போட்டா ரயில் சத்தமும் வந்துரும்" என்றாள் பிளெஸ்ஸி.

அம்மா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் படத்தை எடுத்துவரத் திருமயம் போனார்கள். முகில் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஹாலின் மறுபக்கத்திலிருந்து வீரய்யா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாடா தங்கம், அது வெறும் படம்டா!"

முகில் அசையவில்லை.

"தூக்கிட்டு வந்தா கத்துறான்க்கா. இப்ப சாப்பாடு, டிவி, விருந்தாளிங்க எல்லாமே பெட்ரூம்லதான்" என்று வீரய்யா புலம்பினார்.

பெரியவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிளெஸ்ஸி முகிலைப் பார்த்தாள். பயந்த பிள்ளை இப்படியா நிற்கும்? இடுப்பில் கை வைத்து, சலிப்போடு நின்றிருந்தான்.

பிளெஸ்ஸி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முகிலு, ரயிலைப் பாத்தா பயமா இருக்கா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் இங்கயே நிக்கிறே?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவளைப் பார்த்தான் முகில். "ரயில் வருதுல்ல? அது போனப்புறம்தான் தாண்டணும். அப்பாதான் சொன்னாரு."

வீரய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ரயில்வே கேட்ல சொன்னதுடா!"

"ரொம்ப நாளா வருதுக்கா. பெரிய கூட்ஸு போல" என்றான் முகில்.

ஞானமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தைக் கழற்றப் போனார்.

முகிலின் உதடு பிதுங்கியது. "எடுக்காதீங்க! எனக்கு அந்த ரயில் பிடிக்கும்."

பிளெஸ்ஸி சட்டென்று எழுந்தாள். "அம்மா, இருங்க. மாமா, இன்னும் கொஞ்ச நாள் மட்டும் பொறுத்துக்கங்க. ரயில் போயிரும்."

"போயிருமா? எங்கம்மா போகும்?" என்று விழித்தார் வீரய்யா.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "என்னடி இப்படிச் சொல்லிட்டு வந்துட்டே?"

"நமக்கு ஒரு கூட்ஸோட கடைசிப் பெட்டி வேணும்மா!"

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே இருவரும் நமணசமுத்திரம் பக்கம் போய், மூடிய ரயில்வே கேட்டுக்கு வெளியே நின்றார்கள். முதலில் ஒரு பாசஞ்சர் போனது. அம்மா கேமராவைத் தூக்கினார்.

"வேண்டாம்மா. இது வேற ரயில்னு முகிலு கண்டுபிடிச்சிருவான்."

வெகுநேரம் கழித்து, இருட்டுவதற்குச் சற்று முன், கேட்டை மறுபடி மூடினார்கள்; கூட்ஸ் வந்தது. பெட்டி பெட்டியாகத் தடதடத்துக் கடந்தது. கடைசியில் கார்டு பெட்டி வந்ததும் பிளெஸ்ஸி இரண்டு கைகளையும் ஆட்டினாள். கார்டு சிரித்தபடியே பச்சைக் கொடியை அசைத்தார்.

க்ளிக்!

படம் அச்சாகி வந்ததும் வீரய்யா வீட்டு ஹாலின் எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். இந்தச் சுவரில் இன்ஜின் வந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரில் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

முகில் வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போயிருச்சாக்கா?"

"போயிருச்சு. அங்க பாரு, கார்டு மாமா கொடி காட்டுறாரு."

முகில் கார்டுக்கு டாட்டா காட்டினான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு ஒரே ஓட்டமாக ஓடி, சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தினான்.

"அப்பா, கேட்டு தொறந்தாச்சு! எல்லாரும் வாங்க!"