சிவப்பு வந்தால் சொருகு

கடைசியாக அத்தான் பேசியது தேநீரைப் பற்றித்தான். "மூடி வை மாப்ளே, வந்து குடிக்கறேன். என் பங்கையும் சேர்த்து உள்ளே தள்ளிடாதே."

அக்காவின் கணவரான அத்தான் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'அவசரம்'. இருவரும் சேர்ந்துதான் கேமரா பொருத்தும் தொழில் செய்தார்கள். அன்று வந்திருந்தது ஒரு பழைய குளிர்பதனக் கிடங்குக்கு. கோடியில் இருந்த உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டு சுமைதூக்கி ஒருவர் இறந்துபோன பிறகு, முதலாளிக்கு அங்கே ஒரு கண் தேவைப்பட்டது. சாதாரண கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது என்று, வெளிச்சம் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் இழுத்திருந்தார்கள்.

அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அத்தான் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, ஏணியோடு உள்ளே போனார். அங்கே போன் எடுக்காது. அதனால் எப்போதும் செய்துகொள்ளும் ஏற்பாடுதான்: அவர் சிவப்பு லைட் பேனாவை இழையில் வைத்து அடிப்பார். இந்த நுனியில் சிவப்பு நின்று எரிந்தால், லைன் சரி. விட்டு விட்டு எரிந்தால், உடனே வா.

காலையிலேயே சொல்லியிருந்தார்: "சிவப்பைப் பார்த்துட்டு சொருகு. முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே."

அலுவலக அறையில் அவன் இழையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டு. சலித்துப்போய், கேமரா இணைப்புகள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் சொருகினான்.

உடனே திரையில் படம் வந்தது.

அத்தான் ஏணிமேல் நின்றார். பின்னால் கதவு திறந்திருந்தது. கட்டையும் இடத்தில் இருந்தது. குளிர்கோட்டு போட்ட ஒருவர், முதுகைக் காட்டியபடி, ஏணியைப் பிடித்திருந்தார். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது, நல்லதுதான் என்று நினைத்தான். அத்தான் கையசைத்தார். அவனும் திரையைப் பார்த்துக் கையசைத்தான்.

மற்ற கேமராக்களைச் சரிசெய்வதில் பொழுது போனது. நிமிர்ந்த போதெல்லாம் ஏணி, அத்தான், அந்த முதுகு. மூடிவைத்த தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "உங்க அத்தான் இன்னுமா உள்ளே இருக்கார்?"

"வேலை ஜோரா நடக்குது சார். உங்க ஆள் ஏணி பிடிக்கிறார்."

"எங்க ஆளா? எல்லாரும் சாப்பிடப் போயாச்சேப்பா."

திரையில் அந்த முதுகு மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அவன் ஓடினான்.

கதவு மூடியிருந்தது. கட்டை வெளியே, யாரோ பத்திரமாக எடுத்துவைத்தது போல, சுவரோரம் சாய்ந்திருந்தது.

திறந்ததும் அத்தான் அவன் காலடியில் சரிந்தார். கதவில் சாய்ந்தே உட்கார்ந்திருந்திருக்கிறார். இமைகளில் பனி. ஏணி விரிக்கப்படவே இல்லை. கேமரா, டேப் பிரிக்காத பெட்டிக்குள் இருந்தது. விறைத்த விரல்கள் பேனாவை இழை நுனியில் அழுத்திப் பிடித்திருந்தன.

விட்டு விட்டு. விட்டு விட்டு.

மறுநுனி சுவிட்சுக்குள் இருந்தது. அங்கே பார்க்க யாருமில்லை.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் உன்னைக் கூப்பிடவே இல்லையாடா?"

"இல்லக்கா."

அந்த அறையை இடித்துவிட்டார்கள். கேபிளையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பேனா அவன் மேசை இழுப்பறையில் பேட்டரி இல்லாமல் கிடக்கிறது. சுவிட்சில் சொருகியிருந்த கையளவுத் துண்டை மட்டும் அவனால் எறிய முடியவில்லை. விளக்கை அணைத்தால் அதன் நுனி தெரியும்.

சிவப்பு. விட்டு விட்டு.