காற்று வரும் பக்கம்

"ஐயோ... அதைத் தூக்காதீங்க!"

மட்டாஞ்சேரிப் படகு கரையை விட்டு நகர்ந்ததும், புழுக்கம் தாங்காமல் ஓரத்துத் தார்ப்பாயைச் சுருட்டினான் அனீஷ். மாநகராட்சியில் தெருவிளக்கு மாட்டுகிறவன். மழை ஓய்ந்த காயல் காற்று குபீரென்று உள்ளே வந்தது. எதிரே இருந்த பெண் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு துடித்தாள்.

"எந்தா மேடம்... காத்து பட்டா கரைஞ்சு போயிருவீங்களோ? மழைக்காலத்துல கூலிங் கிளாஸ் வேற!"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அம்மாடி, என்ன கண்கள்! ஆனால் ஒன்றில் நீர் வழிந்துகொண்டே இருந்தது... புருவத்தின் மேல் தழும்புகள்.

"அக்கி வந்த கண்ணு. கொப்புளம் ஆறி வருஷமாச்சு, நரம்பு வலி போகல. காத்து பட்டாலே நெருப்பு வெச்ச மாதிரி எரியும். போதுமா?"

குயவரிடம் கூட்டிப்போய்க் கொப்புளத்தின் மேல் செங்காவியால் சிங்கம் எழுதவைத்தால் அக்கி ஓடிவிடும் என்று அவள் அம்மா நம்பியதில், டாக்டரிடம் போகத் தாமதமாகிவிட்டது. பாவம், அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன செய்ய!

அனீஷுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் முதல் அவன் முன்னாலேயே ஏறி, காற்று வரும் ஓரத்தில் அகலமாக உட்கார்ந்துகொண்டான். எறணாகுளத்துத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் அந்தப் பெண், ஷைலஜா, அவன் முதுகு மறைவில் உட்கார்ந்தாள். முதலில் முறைப்பு... அப்புறம் "சாயா குடிச்சாச்சா?"... அப்புறம் சிரிப்பு.

ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான். "ஷைலஜா... அம்மாவைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "பாவம் பார்த்து யாரும் என்னைக் கட்ட வேண்டாம்."

"பாவமா? நானா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரில ஊசி. புருவத்துக்கு மேல நரம்பை மரத்துப்போக வைப்பாங்களாம். கத்தி இல்ல, தையல் இல்ல. அது பலிக்கட்டும்... பேசலாம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

இத்தனை ரோஷம் எங்கிருந்துதான் வருமோ! அதற்கப்புறம் அவளைப் படகில் காணோம். அவள் நினைப்பிலேயே வேலை பார்த்த அனீஷுக்கு விளக்குக் கம்பத்தில் ஷாக் அடிக்காதது அதிர்ஷ்டம்தான்.

ஒரு காலையில் வந்தாள்... கண்ணாடி இல்லாமல்!

"தள்ளுங்க. இன்னிக்கு ஓரத்துல நான்."

காற்று அவள் முடியைக் கலைத்தது, நெற்றியைத் தொட்டது. அவள் கண்ணைப் பொத்தவில்லை. அவனுக்குத்தான் கண் கலங்கியது.

"வலி...?"

"லேசா இருக்கு. சில மாசத்துல வலி திரும்பி வரலாம்னாங்க. வந்தா மறுபடி ஊசி."

"நிஜம் சொல்லட்டா? ஊசி பலிக்கணும்னு மாதா கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்துக்கிட்டேன். பலிச்சா என் முதுகுக்கு இனி வேலையில்லையேன்னு அழுகையும் வந்துச்சு, கேட்டோ."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த எஞ்சின் பக்கம் பாருங்க. அங்க காத்தே அடிக்காது. சீட்டும் எப்பவும் காலி."

பார்த்தான். காலிதான்.

"அப்ப நீங்க ஏன் இத்தனை நாளா இங்க...?"

"மண்டு! உங்க பக்கத்துல உட்காரத்தான்." அவள் கன்னம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."